மூன்று பின், இரண்டு பின்: மேசைக் கணினியும் மடிக்கணினியும் ஷாக்கைத் தடுக்கும் விதம்

மேசைக் கணினியின் தகரப் பெட்டியில் புறங்கை பட்டால் சுருசுருவென்று இருக்கிறது. சார்ஜில் கிடக்கும் மடிக்கணினியின் உலோக மூடியில் விரலை ஓட்டினாலும் ஏறக்குறைய அதே சுருசுருப்பு. வீட்டில் இரண்டுக்கும் ஒரே பேச்சுதான்: "லேசா ஷாக் அடிக்குது, செருப்பு போட்டுக்கோ." உணர்வு ஒன்றுபோல இருப்பதால் காரணமும் ஒன்றுதான் என்று எடுத்துக்கொள்கிறோம். உண்மையில் மேசைக் கணினியின் சுருசுருப்பு, வீட்டு ஒயரிங்கில் எர்த் வேலை செய்யவில்லை என்று சொல்கிறது. மடிக்கணினியின் சுருசுருப்பு பெரும்பாலும் அடாப்டரின் வடிவமைப்பிலேயே அளவு கட்டி அனுமதிக்கப்பட்ட கசிவு. முன்னதைக் கண்டால் அன்றைக்கே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும். பின்னதைக் கண்டால் முதலில் அடாப்டரின் முதுகைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

இந்த வேறுபாடு பிளக்கிலேயே தெரிகிறது. மேசைக் கணினியின் பவர் கார்டில் மூன்று பின்; நடுவில் இருக்கும் எர்த் பின் மற்ற இரண்டையும் விடத் தடிமனாகவும் நீளமாகவும் இருக்கும். செருகும்போது எர்த் முதலில் சேரவேண்டும், பிடுங்கும்போது கடைசியில்தான் விலகவேண்டும் என்பதற்காகவே அந்த நீளம். பல மடிக்கணினி அடாப்டர்களிலும், கிட்டத்தட்ட எல்லா செல்போன் சார்ஜர்களிலும் இரண்டு பின் மட்டுமே. எர்த் பின்னை விட்டது காசு மிச்சம் பிடிக்கத்தானே என்று சிலர் கேட்பதுண்டு. பாதுகாப்புக்கு வேறொரு வழியை எடுத்துக்கொண்டதால்தான் அங்கே அந்தப் பின் இல்லை.

முதல் வழியில், அதாவது மூன்று பின் முறையில், மின்சாரத்துக்கும் உங்கள் கைக்கும் நடுவே ஓர் அடுக்கு காப்பு இருக்கும். அந்தக் காப்பு கெட்டுப்போய் பேஸ் கம்பி உலோகப் பெட்டியைத் தொட்டுவிட்டால், மின்சாரம் மண்ணுக்குப் போக எர்த் கம்பி தயாராக நிற்கும். இரண்டாவது வழியில் எர்த்தை நம்பும் பேச்சே கிடையாது. காப்பை இரட்டிப்பாக்கி, 230 வோல்ட் இருக்கும் பக்கத்துக்கும் 19 அல்லது 20 வோல்ட் வெளிவரும் பக்கத்துக்கும் இடையே சில மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, டிரான்ஸ்பார்மரின் சுற்றுகளுக்கு இடையே பல அடுக்கு நாடா சுற்றி உள்ளேயே அடைத்துவிடுகிறார்கள். தகவல் தொழில்நுட்பக் கருவிகளுக்கான ஐஇசி 60950 தரம், ஓர் அடுக்குக் காப்பு 1,500 வோல்ட்டைத் தாங்குகிறதா என்று சோதிக்கச் சொன்னது. இரட்டிப்புக் காப்புக்கு 3,000 வோல்ட். இந்தியாவின் ஐஎஸ் 13252 அதைத் தழுவியதுதான். அடாப்டரின் முதுகில் பெரிய சதுரத்துக்குள் சிறிய சதுரம் அச்சாகியிருந்தால், அது இந்த இரண்டாவது வகை.

ஆகவே மேசைக் கணினியின் பாதுகாப்பில் பாதி கணினிக்குள் இருக்கிறது. மீதிப் பாதி உங்கள் வீட்டுச் சுவரிலும் தோட்டத்து எர்த் குழியிலும் இருக்கிறது. மடிக்கணினியின் பாதுகாப்பு முழுவதும் அந்தக் கறுப்பு டப்பாவுக்குள் இருக்கிறது. எந்த வீட்டில் எது நம்பகமானது என்று எடைபோட இதுவே அடிப்படை.

சரி, எதுவும் பழுதாகாமலே ஏன் சுருசுருக்கிறது? மேசைக் கணினிக்குள் இருக்கும் எஸ்எம்பிஎஸ் என்ற மின்வழங்கி, வீட்டு மின்சாரத்தை நேர்மின்னோட்டமாக்கி, அதை வினாடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டித்தான் 12 வோல்ட், 5 வோல்ட் என்று தருகிறது. வெட்டும்போது எழும் மின் இரைச்சல் வீட்டு ஒயர்களில் பரவி மற்ற கருவிகளைத் தொந்தரவு செய்யக்கூடாது. அதற்காகப் பேஸிலிருந்து ஒன்றும் நியூட்ரலிலிருந்து ஒன்றுமாக இரண்டு சிறிய ஒய் வகை கெபாசிட்டர்களை உலோகப் பெட்டிக்கு இணைத்திருப்பார்கள். பெட்டி எர்த்தோடு சேர்ந்திருந்தால், அவை வழியே கசிவது சத்தமில்லாமல் மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் பெட்டி அந்தரத்தில், பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நட்டநடுவில் தொங்கும். 230-இல் பாதி, 115 வோல்ட்! மல்டிமீட்டரை வைத்தால் நூறுக்குப் பக்கத்தில் ஓர் எண் காட்டுவது இதனால்தான்.

எண் பயமுறுத்தினாலும் அந்தச் சிறு கெபாசிட்டர் வழியே வரக்கூடிய மின்னோட்டம் குறைவு. 4,700 பிகோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று 230 வோல்ட்டில், 50 ஹெர்ட்ஸில் விடுவது சுமார் 0.34 மில்லிஆம்பியர். மனித உடல் மின்சாரத்தை உணரத் தொடங்குவது ஏறக்குறைய 0.5 மில்லிஆம்பியரில் என்பது பொதுக் கணக்கு. மெல்லிய தோலில் லேசாக உரசும்போது அதற்கும் குறைவாகவே தெரிந்துவிடும். விரலை அசைக்காமல் அழுத்தி வைத்தால் ஒன்றும் தெரியாமல், தடவும்போது மட்டும் உலோகம் நறநறவென்று சொரசொரப்பாகத் தோன்றும். மாறிக்கொண்டே இருக்கும் மின்னழுத்தம் தோலை விட்டுவிட்டு இழுப்பதால் வரும் விளைவு அது.

இந்த இடத்தில்தான் இரண்டு கருவிகளும் பிரிகின்றன. இரண்டு பின் அடாப்டரிலும் இரைச்சலைத் தணிக்க ஒரு கெபாசிட்டர் டிரான்ஸ்பார்மரின் இரு பக்கங்களையும் இணைத்துக்கொண்டு நிற்கிறது. அது ஒய்-1 என்ற கடுமையான வகையைச் சேர்ந்தது; வழக்கமாக 2,200 பிகோஃபாரட் அளவில் இருக்கும். எர்த் இல்லாத கருவி என்பதால், வெளியே தொடக்கூடிய பகுதியில் 0.25 மில்லிஆம்பியருக்கு மேல் கசியக்கூடாது என்று அந்த ஐஇசி 60950 தரம் கட்டிப்போட்டிருந்தது. எர்த் உள்ள, பிளக்கில் செருகும் கருவிக்கோ 3.5 மில்லிஆம்பியர் வரை அனுமதி. பதினான்கு மடங்கு! எர்த் கம்பி அதை வாங்கிக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் கொடுத்த சலுகை அது. அந்த நம்பிக்கை பொய்த்த வீட்டில், சலுகையின் முழுப் பாரமும் பெட்டியைத் தொடுபவர் மேல் இறங்கும்.

ஒரு பெட்டியோடும் அது நிற்பதில்லை. சிபியு, மானிட்டர், பிரிண்டர், ஸ்பீக்கர் எல்லாம் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகியிருக்கும். பாக்ஸுக்குள் எல்லா எர்த் ஓட்டைகளும் ஒரே பித்தளைப் பட்டையால் இணைந்திருக்கும். ஆனால் சுவரிலிருந்து வரும் ஒயர் இரண்டு கம்பி ஒயர்! மலிவான பாக்ஸ்களில் இது சகஜம். முகப்பில் மூன்று ஓட்டை இருக்கும், வாலில் இரண்டு கம்பிதான் இருக்கும். அப்போது எல்லாக் கருவிகளின் கசிவும் ஒன்றுசேரும். அதைவிட மோசம், ஒரு பழைய பிரிண்டரில் பேஸ் பெட்டியைத் தொட்டுவிட்டால், அந்தப் பித்தளைப் பட்டை வழியே 230 வோல்ட் முழுசாகச் சிபியுவின் தகரத்துக்கும் வந்துசேரும். நல்ல நிலையில் இருக்கும் கணினியைத் தொட்டவருக்கு, அவர் தொட்டேயிராத பிரிண்டரால் ஷாக் அடிக்கும். ஸ்பைக் கார்டு என்று விற்பதிலும், எர்த் பக்கம் வைத்திருக்கும் பாதுகாப்புக்கு எர்த் இருந்தால்தான் வேலை. யுபிஎஸ்ஸும் சுவரில் உள்ள எர்த்தைத்தான் கடத்துகிறது; இல்லாத எர்த்தை அது உண்டாக்காது.

சுவருக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பழைய வீடுகளின் சுவிட்ச் போர்டைக் கழற்றினால் பார்க்கலாம். மேலே கம்பீரமாக மூன்று ஓட்டை சாக்கெட். உள்ளே சிவப்பும் கறுப்பும் இறுக்கிக் கட்டியிருக்கும். எர்த் திருகில் ஒன்றும் இருக்காது. அல்லது பச்சை ஒயர் நுனி மடக்கி, டேப் சுற்றி, பின்னால் செருகப்பட்டிருக்கும். லைட்டும் பேனும் எர்த் இல்லாமலே ஓடுவதால் யாரும் அதைத் தேடுவதில்லை. 2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி தரத் தொடங்கியபோது, ஒரு விளக்குக்காக இழுத்த ஒயரிங் மட்டுமே இருந்த வீடுகளுக்குள்ளும் கணினி போய்ச் சேர்ந்தது. அந்தத் திட்டத்தின் பெருமையை எழுதியவர்களில் யாராவது சாக்கெட்டின் மூன்றாவது ஓட்டையைப் பற்றியும் எழுதியிருக்கக்கூடாதா என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

எர்த் குழி இருப்பதாகவே வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் தனி வீடுகள் பலவற்றில் எர்த் என்பது வீட்டுக்காரர் தோண்டிய குழிதான். ஐஎஸ் 3043 என்ற எர்த்திங் நடைமுறைத் தரம், 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஜிஐ குழாயைச் சுமார் 2.5 மீட்டர் ஆழத்துக்கு இறக்கிக் கரியும் உப்பும் போடுவதை விவரிக்கிறது. கட்டி முடித்த அன்று தண்ணீர் ஊற்றியதோடு சரி; சித்திரை வெயிலில் மண் காய்ந்து மின்தடை ஏறிப்போயிருக்கும். அது 20 ஓம் என்று கொள்வோம், தெரு டிரான்ஸ்பார்மர் பக்கத்து எர்த் 2 ஓம். கணினிக்குள் பேஸ் கம்பி பெட்டியைத் தொடுகிறது. 230-ஐ 22-ஆல் வகுத்தால் பத்தரை ஆம்பியர் மண்ணுக்குள் பாயும். மின்னோட்டம் மிஞ்சினால் துண்டிக்கும் 16 ஆம்பியர் எம்சிபி இதைக் கண்டு அசையாது. அதன் கண்ணுக்கு இது இரண்டு அயர்ன் பாக்ஸ் ஓடுவது போலத்தான். பெட்டியிலோ 200 வோல்ட்டுக்கு மேல் நின்றுகொண்டே இருக்கும். எர்த் இருக்கிறது, எம்சிபியும் இருக்கிறது, ஆனாலும் தொடுபவருக்குப் பாதுகாப்பு இல்லை. எர்த் போட்டாயிற்று என்று நிம்மதியாக இருக்கும் பலருக்கும் இந்தக் கணக்கு தெரியாது.

இதை நிவர்த்தி செய்வதுதான் ஆர்சிசிபி. நம் ஊர்ப் பேச்சில் இஎல்சிபி. பேஸில் போன மின்சாரமும் நியூட்ரலில் திரும்பிய மின்சாரமும் சமமா என்று மட்டும் அது பார்க்கிறது. வித்தியாசம் வந்தால் எங்கோ மண்ணுக்குப் போகிறது என்று பொருள், துண்டித்துவிடும். அமெரிக்காவின் பெர்க்லியில் பேராசிரியராக இருந்த சார்லஸ் டால்சியல், எத்தனை மில்லிஆம்பியரில் மனிதன் பிடித்த கம்பியை விடமுடியாமல் போகிறான் என்று தன்னார்வலர்களை வைத்து அளந்தவர். ஆண்களுக்குச் சராசரி 16, பெண்களுக்கு ஏறக்குறைய 10.5 என்று கண்டார். 1961-இல் அவரே இந்த வகைத் துண்டிப்பானின் அமெரிக்க வடிவத்தையும் உருவாக்கினார். இந்தியாவில் வீட்டு இணைப்புக்கு விதித்த அளவு 30 மில்லிஆம்பியர். ஆர்சிசிபி இருந்தால் எர்த்தின் மின்தடை 100 ஓம் ஆனாலும் பரவாயில்லை. பெட்டியில் 3 வோல்ட் ஏறும் அளவு கசிவு வந்ததுமே அது விழுந்துவிடும். எர்த் குழியின் குறையை இவ்வளவு மலிவாக ஈடுகட்டும் கருவி வேறொன்று இல்லை.

மடிக்கணினிப் பக்கம் திரும்புவோம். எர்த் இல்லாத வீட்டில், ஒழுங்காகத் தயாரித்த இரண்டு பின் அடாப்டர் மேசைக் கணினியைவிடப் பாதுகாப்பானது. இதில் எனக்குத் தயக்கமே இல்லை. வீட்டின் ஒயரிங் எப்படியிருந்தாலும் அதன் காப்பு மாறாது. ஆனால் "ஒழுங்காகத் தயாரித்த" என்ற சொல்லில்தான் எல்லாம் தொங்குகிறது. ஒரிஜினல் அடாப்டர் கெட்டுப்போனதும் பாதிக்கும் குறைந்த விலையில் வாங்கும் நகலில், டிரான்ஸ்பார்மரின் நாடா அடுக்குகள் குறைந்திருக்கலாம். இரு பக்கங்களுக்கும் நடுவே உள்ள இடைவெளி மெலிந்திருக்கலாம். ஒய்-1 கெபாசிட்டர் இருக்கவேண்டிய இடத்தில் சாதாரண செராமிக் கெபாசிட்டர் ஒன்று உட்கார்ந்திருக்கலாம். சாதாரணக் கெபாசிட்டர் ஷார்ட் ஆகி உடைந்தால், வீட்டு மின்சாரம் நேரே மடிக்கணினியின் மூடிக்கு வரும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. கணினி எப்போதும்போல ஓடிக்கொண்டிருக்கும்.

நல்ல எர்த்தும் ஆர்சிசிபியும் உள்ள வீட்டில் மேசைக் கணினி பழுதானால் செருகிய கணமே டிரிப் ஆகி, தன் பழுதைத் தானே சொல்லிவிடும். இரண்டு பின் அடாப்டர் பழுதானால் வாய் திறக்காது. யாராவது தரையில் வெறுங்காலோடு நின்று தொடும்வரை மின்சாரத்துக்குப் போக வழியில்லை. தொட்ட பிறகுதான் ஆர்சிசிபி கண்விழிக்கும். உயிரைக் காப்பாற்றும், ஆனால் அடியை வாங்கவைத்துவிட்டுத்தான் காப்பாற்றும். அதனால், நல்ல ஒயரிங் உள்ள வீட்டில் மூன்று பின் முறையே மேல் என்பது என் கணிப்பு.

மின்னணுக் கருவிகளுக்குக் கட்டாயப் பதிவு கோரும் மத்திய அரசின் ஆணை 2012-இல் வந்தது. மடிக்கணினியும் அதன் பவர் அடாப்டரும் அந்தப் பட்டியலில் உண்டு. அடாப்டரின் முதுகில் ஐஎஸ் தர எண்ணும், ஆர் என்ற எழுத்தோடு தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கவேண்டும். பதிவு எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் இணையத்தில் போட்டுப் பார்க்கலாம். முத்திரையையும் நகலெடுப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதால், கையில் எடுத்தால் காற்றுபோல எடையே இல்லாத அடாப்டரை வாங்காமல் இருப்பது நல்லது.

இரண்டுக்கும் நடுவே ஒரு கலப்பினமும் உண்டு. பெரிய மடிக்கணினிகளின் அடாப்டர் பலவற்றில் மூன்று இதழ் வடிவ வாயில் செருகும் மூன்று பின் கார்டு வரும். மேக்புக் அடாப்டரில் சுவரில் நேராகச் செருகும் இரண்டு பின் தலையும் உண்டு, எர்த்தோடு வரும் நீளக் கார்டும் உண்டு. அடாப்டரின் மூலையில் உள்ள உலோகக் குமிழ்தான் அந்த எர்த்தை வாங்கிக்கொள்கிறது. குறுகிய தலையைக் கழற்றிவிட்டு நீளக் கார்டைப் போட்டால், சாக்கெட்டில் எர்த் இருக்கும் பட்சத்தில், சுருசுருப்பு நின்றுவிடும். இரண்டு பின் மடிக்கணினியை, எர்த் உள்ள மேசைக் கணினியோடோ மானிட்டரோடோ எச்டிஎம்ஐ கேபிளால் இணைத்தாலும் அப்படியே. கேபிளின் உறை வழியே கசிவு எர்த்துக்குப் போகிறது. எர்த் இல்லாத மேசைக் கணினியை டிவியோடு இணைத்தாலோ நிலைமை தலைகீழ். அந்த 115 வோல்ட் கேபிள் வழியே டிவிக்கும் டிஷ் ஆண்டெனாவுக்கும் வழி தேடிப்போகும். எச்டிஎம்ஐ போர்ட் அடிக்கடி போகிறதே என்று அலைபவர்கள், போர்ட்டை மாற்றுமுன் எர்த்தைப் பார்க்கவேண்டும்.

பார்ப்பது எப்படி? நம் வீடுகளில் எல்லோரிடமும் இருப்பது நியான் டெஸ்டர். இந்த விஷயத்தில் அது உதவாது. மிகச் சிறு மின்னோட்டத்திலேயே மின்னிவிடும் என்பதால், மடிக்கணினியின் தீங்கற்ற கசிவிலும் எரியும், உயிருக்கு உலைவைக்கும் பழுதிலும் எரியும். மல்டிமீட்டரும் தீங்கற்ற கசிவிலேயே நூறு சொச்சம் காட்டலாம். எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் டெஸ்ட் லேம்ப்தான் வித்தியாசத்தைக் காட்டும். சாக்கெட்டின் பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 100 வாட் குண்டு பல்பைப் போட்டால், எர்த் நன்றாக இருந்தால் பிரகாசமாக எரியும். மங்கினால் எர்த் பலவீனம். எரியவே இல்லை என்றால் எர்த் இல்லை. ஆர்சிசிபி இருக்கும் வீட்டில் பல்பு எரியுமுன் அது விழும், அதுவும் எர்த் உயிரோடு இருப்பதற்குச் சாட்சி. இதைத் தொழில் தெரிந்தவர்தான் செய்யவேண்டும். ஆர்சிசிபியில் உள்ள டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை நாமே அழுத்திப் பார்க்கலாம்; ஆனால் அது சோதிப்பது ஆர்சிசிபியை மட்டும். பொத்தானை அழுத்தியதும் விழுந்துவிட்டது, ஆகவே எர்த் இருக்கிறது என்று எண்ணிவிடக்கூடாது.

ஒரு குறுக்குவழியைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. சுருசுருப்பு நிற்கவேண்டும் என்று கேட்டால், சில ஒயர்மேன்கள் சாக்கெட்டுக்குள் எர்த் திருகையும் நியூட்ரல் திருகையும் ஒரு துண்டுக் கம்பியால் சேர்த்துவிட்டுப் போவார்கள். அந்த நொடியே சுருசுருப்பு நிற்கும். டெஸ்ட் லேம்ப்பும் எரியும். பிறகு ஒருநாள் மீட்டர் பக்கத்திலோ கம்பத்திலோ நியூட்ரல் கம்பி விட்டுப்போனால், ஓடிக்கொண்டிருக்கும் கருவிகள் வழியே பேஸ் வந்து அந்தத் துண்டுக் கம்பியில் ஏறி, சிபியுவின் தகரத்தில் முழு 230 வோல்ட்டாக நிற்கும். எர்த்தே இல்லாமல் இருப்பதைவிட இது கொடியது. உங்கள் போர்டில் இப்படி இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். எர்த் பின்னை உடைத்துவிட்டு இரண்டு பின் சாக்கெட்டில் செருகுவதும், எஸ்எம்பிஎஸ் பெட்டியைக் கழற்றிப் பார்ப்பதும் இதே வரிசையில் வருபவை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் எஸ்எம்பிஎஸ்ஸின் பெரிய கெபாசிட்டரில் 325 வோல்ட் அளவு தேங்கி நிற்கலாம்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இதில் பாதி கைக்கு எட்டாது. எர்த் குழி தோண்டச் சொன்னால் வீட்டுக்காரர் அடுத்த மாதம் பார்க்கலாம் என்பார். அங்கே மேசைக் கணினிதான் வேண்டும் என்றால், மின் இணைப்புகள் பிரியும் டிபி பெட்டியில் ஆர்சிசிபி வைக்க மட்டுமாவது சம்மதம் வாங்குங்கள். எர்த் இல்லாமலும் அது வேலை செய்யும். கசிவு உங்கள் உடல் வழியே போகும்போதாவது துண்டிக்கும். டிபியில் கைவைக்க விடவில்லை என்றால், சாக்கெட்டில் செருகிப் பயன்படுத்தும் ஆர்சிசிபி கிடைக்கிறது. வாங்கும்போது ஏ வகை கேளுங்கள். எஸ்எம்பிஎஸ் போன்ற கருவிகளில் வரும் துடிப்பான நேர்மின் கசிவையும் அது கண்டுகொள்ளும், ஏசி வகை அதைத் தவறவிடலாம். அதற்கும் வழியில்லாத அறைக்கு, ஐஎஸ் எண் உள்ள இரண்டு பின் அடாப்டரோடு மடிக்கணினியை எடுத்துப் போங்கள். சார்ஜில் இருக்கும்போது மொசைக் தரையில் ஈரக்காலோடு உட்கார்ந்து மடியில் வைத்துக்கொள்ளாதீர்கள். லேசாகச் சுருசுருத்துக்கொண்டிருந்த மூடி ஒருநாள் கையை உதறவைக்கும் அளவு அடித்தால், சுவிட்சை அணைத்து அடாப்டரைப் பிடுங்கிவிட்டு, அதை மறுபடி எந்த சாக்கெட்டிலும் செருகாதீர்கள்.